மறுக்கத் தெரியாதவருக்கு ஒருநாள் பயிற்சி

ஊழியர்கள் ஒவ்வொருவரும் இம்மாத முடிவுக்குள் தம்மைத் தாமே மேம்படுத்திக்கொண்டு, அதற்கான சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் எங்களுடையது. அடுத்தவர் குறையை அரை கிராம் வரைக்கும் கண்டுபிடித்துப் பழகியவர்கள் நாங்கள். எங்களையே திருத்த நினைத்தவர் யாரென்று தெரியவில்லை. துணிச்சல்காரர்தான்.

ஐந்து பயிற்சிப் பட்டறைகளின் பட்டியலும் கூடவே வந்தது. விருப்பம்போல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பத்தின் நான்காவது கட்டத்தில் மட்டும், ‘தங்களிடம் உள்ள குறை’ என்று கேட்டிருந்தது. அந்தக் குறை உண்மைதான் என்று மேலதிகாரி சான்றளித்து முத்திரை வைக்க வேண்டும். முத்திரை வைத்த குறை, பணிப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆகவே பதினோரு பேர் பட்டியலைப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டோம்.

பன்னிரண்டாவது ஆள் தபால் பிரிவு எழுத்தர். உறை ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் பளபளக்கும். அதனால் அவருக்கு ‘பசை’ என்று பெயர். அவர் மனைவியும் ஒன்றரை வயது மகளும் ஏழு மணி நேரப் பயண தூரத்தில் இருந்தார்கள். அந்தக் குழந்தை தொலைபேசியைப் பார்த்துத்தான் ‘அப்பா’ என்று சொல்லுமாம். நேரில் போனால் அழுமாம். அந்த ஊருக்கு மாறுதல் கேட்டிருந்தார். சான்றிதழ் இருந்தால்தான் மாறுதல்.

அதிகாரியின் அறைக்குப் போனார். கோப்போடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

“நேர மேலாண்மை எடுத்துக்கலாம்னு இருக்கேன் சார்.”

“அப்போ தினமும் லேட்டா வர்றதை ஒத்துக்கிறீங்க?”

“இல்ல சார். காலையில கதவைத் திறக்கிறதே நான்தான்.”

“அப்புறம் எதுக்குப் பயிற்சி?”

“அப்போ, கோபத்தை அடக்குறது?”

“யார்கிட்ட கோபப்பட்டீங்க? எழுதிக் கொடுங்க, மெமோ தர்றேன்.”

“தலைமைப் பண்பு?”

“அது இல்லாததுதான் உங்க வேலைக்குத் தகுதி. குறைன்னு எப்படிப் போடுறது?”

“முடிவெடுக்கும் திறன் சார். அதாவது கொடுங்க.”

“அதான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்களே! இன்னும் என்ன திறன்?”

மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ‘முடியாது என்று சொல்லும் கலை’. அதைக் கேட்டதும் அதிகாரியின் முகம் மலர்ந்தது. “இவர் எவருக்கும் எதையும் மறுக்கத் தெரியாதவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது” என்று எழுதி முத்திரை குத்தினார். நகல் ஒன்று அறிவிப்புப் பலகைக்கு வந்தது.

அதுவரை பசையை நல்ல மனுஷன் என்று மட்டும் நினைத்திருந்தோம். விஷயம் இப்படி அரசுமுறையாக உறுதிப்பட்டிருப்பது தெரியாது. மதியத்துக்குள் அவர் மேசையில் இருபத்தாறு கோப்புகள் சேர்ந்தன. மூன்று என்னுடையவை. பொய் சொல்வானேன்?

பயிற்சிக்கு முதல் நாள் அதிகாரி கூப்பிட்டார்.

“நாளைக்கு ஆய்வுக் குழு வருது. நீங்க கட்டாயம் இருக்கணும்.”

“நாளைக்குத்தானே சார் பயிற்சி...”

“அப்போ முடியாதுங்கிறீங்களா?”

பசை வாயைத் திறந்தார்.

“யோசிச்சுப் பேசுங்க. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா, மறுக்கத் தெரியாதவர்னு நான் கொடுத்த சான்று பொய்யாயிடும். பொய்ச் சான்று வாங்குறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா?”

பசை வாயை மூடினார். பிறகு, “சரி சார்” என்றார்.

பதிவு செய்த இருக்கை வீணாகக் கூடாது என்று அதிகாரியே பயிற்சிக்குப் போனார். மறுநாள் ஒரு சான்றிதழோடும் ஒரு புன்னகையோடும் வந்தார். நெஞ்சில் கைவைத்து, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து, மூச்சை இழுத்துவிட்டு, “உங்கள் உணர்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் முடியாது” என்று சொல்லக் கற்றிருந்தார். முதல் பிரயோகம் பசையின் மாறுதல் விண்ணப்பத்தின் மேல். சான்றிதழ் இணைக்கப்படவில்லையாம்.

பசை இடத்துக்கு வந்து உட்கார்ந்து, வெறும் உறை ஒன்றை ஒட்டினார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எல்லோருக்கும்தான்.

“இதைச் சும்மா விடக் கூடாது!” என்றார் தட்டச்சர் அம்மா.

“இன்னைக்கு அவருக்கு, நாளைக்கு நமக்கு” என்றார் கணக்கர்.

ஆழ்ந்த கண்டனம் தெரிவித்து நானே ஒரு கடிதம் எழுதினேன். ‘மனிதாபிமானமற்ற’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் போட்டேன். எல்லோரும் படித்துக் கண் கலங்கினார்கள். அதை உள்ளே கொண்டுபோவது யார் என்ற கேள்வி வந்தது. கணக்கருக்கு ரத்தக் கொதிப்பு. தட்டச்சர் அம்மாவுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு. எனக்கு இரண்டு பெண்கள். கடைசியில் எல்லார் பார்வையும் ஒரே மேசையில் போய் நின்றது.

“தம்பி, தபால் கொண்டுபோறது உங்க பிரிவுதானே?” என்றேன்.

பசை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல யார் கையெழுத்தும் இல்லையே அண்ணே?”

“நீங்க போட்டாப் போதும். நாங்க எல்லாரும் உங்க பின்னாலதான் இருக்கோம்.”

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “சரிண்ணே” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

அதிகாரியின் அறைக் கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் பதினோரு பேரும் அவரவர் இடத்துக்குப் போய், தலை நிமிராமல் வேலை பார்த்தோம். அன்றைக்குப் போல எங்கள் அலுவலகத்தில் வேலை நடந்ததே இல்லை.