நாலாவது படத்து அம்மாள்

அன்று ஸ்ரீரங்கத்து வாசகசாலையில் இருந்தவர்கள்: செயலாளர் ராகவன் சார், ஊர்க்காரர்கள் முப்பது பேர், கடைசி வரிசையில் என் அம்மா, மேடையில் இரவல் கோட்டுடன் நான். வராதவர்கள்: ஒர்க்‌ஷாப்பில் ஷிப்டு என்பதால் அப்பா, காலமாகிவிட்டதால் ஐந்து அமெரிக்கர்கள். (இந்தக் கடைசிக் கணக்கில் ஒரு பிழை உண்டு.)

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, உதவித்தொகை கேட்டு மனுப் போட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். அங்கிருந்து ஒரு பேராசிரியர் திருச்சிக்கு வருகிறார், வாசகசாலையில் பேசுவார், அவர் ஒரு கடிதம் கொடுத்தால் இடம் நிச்சயம் என்றார் ராகவன் சார். பெயரைக் கேட்டு வைக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வரவேற்புரை என் பொறுப்பு. தபாலில் வந்திருந்த பல்கலைக்கழக வரலாற்றுப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். ஒரே மரக் கட்டடம், இரண்டு வாத்தியார்கள், வயல்வேலை முடித்து வந்து படித்த விவசாயிகளின் பிள்ளைகள் என்று ஆரம்பித்த இடம். (அந்தப் பக்கத்தை மட்டும் அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன்.) கடைசியில் புகழ்பெற்ற பழைய மாணவர்களின் படங்கள்: ஒரு கவர்னர், ஒரு நீதிபதி, பாலம் கட்டிய ஒருவர், மண் ஆராய்ச்சி செய்த ஒரு பெண்மணி, ஒரு வானியலாளர். எங்கள் கல்லூரிச் சுவரில் தொங்கிய அத்தனை பேரும் இறந்தவர்கள். ஆகவே வரலாற்றில் இடம்பிடிக்க இறப்புதான் குறைந்தபட்சத் தகுதி என்று முடிவுகட்டி, ஐந்து படங்களையும் வெட்டி அட்டையில் ஒட்டி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தியும் ஏற்றிவிட்டேன்.

நரைத்த தலையோடு ஓர் அமெரிக்க அம்மாள் தாமதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தில் முழங்கினேன். "மண்ணை ஆராய்ந்து, அந்த மண்ணோடே கலந்துவிட்ட இந்தப் பெண்மணி" என்ற இடத்தில் இரவல் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐவருக்கும் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றேன். எல்லாரும் எழுந்தார்கள். அந்த அம்மாளும் எழுந்து தலைகுனிந்து நின்றார்.

அரை நிமிடம் போயிருக்கும்.

"டேய் மாணிக்கம், நாலாவது படத்துல இருக்கறவங்க இவங்கதானேடா?" அம்மாவின் குரல்.

எழுத்து தெரியாததால் அம்மா முகங்களைப் பார்த்திருக்கிறாள். படத்தில் முடி கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உட்காருங்கம்மா" என்று ராகவன் சார் பல்லைக் கடித்தார். அம்மா நேரே மேடைக்கு வந்து அந்தப் படத்து மாலையைக் கழற்றி, முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். பிறகு விருந்தாளியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "நூறு வயசு இருப்பீங்கம்மா. எம் புள்ள நிறையப் படிச்சவன், அதான் ஆளைத் தெரியல."

ராகவன் சார் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் கண்ணீர் வரச் சிரித்தார். "மீதி அரை நிமிடமும் நின்றிருப்பேன். அவ்வளவு நன்றாகப் பேசினார்" என்றார். "என் பல்கலைக்கழகமே எனக்குச் செய்யாத மரியாதையை இந்த இளைஞர் செய்தார்" என்று கடிதமும் எழுதினார். இடம் கிடைத்தது. கப்பல் டிக்கெட் முதல் கம்பளிக் கோட்டு வரை எல்லாம் உதவித்தொகையில்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அம்மா பெயருக்கு அவரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். "இன்னும் இருக்கிறேன்" என்று ஒரே வரி. ஒரு வருடம் அட்டை வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. நாலாவது படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாலை இல்லாமலேதான் தொங்குகிறது. "ஒரு தடவை போட்டதே போதும்" என்றுவிட்டாள் அம்மா.

அன்று போட்ட அந்த ஒரு மாலைக்கு மட்டும் ராகவன் சார் பணம் தரவில்லை. "நாலுக்குத்தான் வாசகசாலை கொடுக்கும். உயிரோட இருக்கறவங்களுக்குப் போட்டது உன் செலவுப்பா."

ஆக, என் அமெரிக்கப் படிப்புக்காக எங்கள் வீட்டிலிருந்து போனது எட்டணா.