பின்சீட்டுக்கு ஆகாத ஆயில்

என் பைக்குக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்பதை இனி நான்தான் முடிவு செய்வேன் என்று ஒரு நாள் சபதம் எடுத்தேன். மற்ற முடிவுகளையெல்லாம் என் மனைவி தீபிகா எடுக்கிறாள். எந்த அரிசி, எந்தச் சட்டை எனக்கு எடுப்பாக இருக்கும், எந்த நண்பனோடு நான் சேரலாம், எல்லாம் அவள் இலாகா. ஆயில் ஒன்றுதான் பாக்கி. அதையும் விட்டுவிட்டால் காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் எனக்கென்று இருப்பது ஆதார் கார்டு முகவரி மட்டும்தான்.

ஆராய்ச்சியில் இறங்கினேன். அம்பத்தூர் ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது கேமராவை அணைத்துவிட்டு ஆயில் வீடியோ பார்த்தேன். மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக். கெட்டி, நீர்த்தது. ஒருவர் இருபது டபிள்யூ ஐம்பது ஊற்றாதவன் மனிதனே இல்லை என்றார். அடுத்த வீடியோக்காரர் அதை ஊற்றியவன் மனிதனே இல்லை என்றார். இரண்டு பேருக்கும் லைக் போட்டேன்.

கீழ் வீட்டு பூபாலனிடம் கேட்டேன். பரம்பரைப் பூந்தமல்லிக்காரர். எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் என்னை ஒரு ரைடராக மதிக்கும் ஒரே ஜீவன்.

"இன்னா சார் நீ, ஆயிலுக்குப் போயி இவ்ளோ ரோசனை பண்ணிகினு கீறே? நம்ம ஊட்ல கார் ஆயிலு மீதி கீது. எட்த்து ஊத்து. வண்டிக்கு இன்னா தெரியப் போவுது?"

"பைக்ல கிளட்சும் அதே ஆயில்லதானே மூழ்கியிருக்கு? கார் ஆயில் ஊத்தினா வழுக்குமாம்."

"என் வண்டி கூடத்தான் வழுக்குது. ஓடல?"

ஓடுகிறதுதான். அவர் ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் முன்னால் போகும், வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். அந்த ஆலோசனையை மரியாதையாக ஒதுக்கி வைத்தேன்.

தீபிகா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என்னங்க, வண்டி வாங்கினப்ப ஒரு புக்கு கொடுத்தாங்களே. அதுல போட்டிருக்காதா?"

"அதை எழுதினவனுக்கு பூந்தமல்லி டிராஃபிக்கைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே படித்தாள். "பத்து டபிள்யூ முப்பது. எம்.ஏ. டூன்னு டப்பால போட்டிருக்கணுமாம், அப்பதான் கிளட்ச் வழுக்காதாம். அவ்வளவுதாங்க, ரெண்டே வரி."

"அதெல்லாம் சும்மா ஒரு வழிகாட்டுதல் தீபி. முடிவு நாமதான் எடுக்கணும்."

முடிவு எடுத்தேன். சில வாரங்கள் கூடுதலாக ஆராய்ந்து, டிரங்க் ரோட்டுக் கடையில் பத்து டபிள்யூ முப்பது, எம்.ஏ. டூ வாங்கி வந்தேன். அது என் சொந்த முடிவு. புத்தகமும் அதே முடிவுக்கு வந்திருந்தது வெறும் தற்செயல்.

அந்த வெற்றியோடு நிறுத்தியிருந்தால் இன்று உங்களிடம் புலம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பூபாலனும் அவர் ஆபீஸ் பசங்களும் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் பைக்கில் போகத் திட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை என்பதால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலை, கொண்டை ஊசி வளைவு, குளிர்ந்த காற்று, பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டி "மெதுவா, மெதுவா" என்று சொல்ல ஆளில்லாத சுதந்திரம். போயே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அதே ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரியில் தீபிகாவின் சித்தப்பா பக்தவத்சலம் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தங்கமான மனிதர். ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தால் விடமாட்டார். கடக்கால் போட்டபோது பள்ளத்தைக் காட்டினார். நிலை வைத்தபோது நிலையைக் காட்டினார். தளம் போட்டபோது என்னை ஏணியில் ஏற்றி ஜல்லியைக் காட்டினார். இப்போது ஒயரிங் முடிந்திருக்கிறது.

வரமாட்டேன் என்று நேரடியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருந்தால் நான் ஏன் ஐ.டி.யில் இருக்கிறேன், மிலிட்டரிக்கே போயிருப்பேன். அதனால் டெக்னிக்கலாக மடக்குவது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை பார்க்கிங்கில் நானே ஆயிலை மாற்றினேன். விவரம் தெரிந்தவன் போல் தெரியட்டும் என்று கையைக் கழுவாமலே மேலே போனேன்.

"தீபி, ஒரு சிக்கல்."

"முதல்ல கதவுல கை வைக்காதீங்க. சொல்லுங்க."

"புது ஆயில் ஊத்தியிருக்கேன்ல, அது எஞ்சின்ல படியணும். முதல் இருநூறு கிலோமீட்டருக்குப் பின்னாடி ஆள் ஏறக்கூடாது."

இப்படி ஒரு விதி உலகத்தில் எந்த வண்டிக்கும் கிடையாது. லிஃப்டில் வரும்போது நானே தயாரித்தது.

"அடப்பாவமே. ஏறினா?"

"மெல்லிசா படியற ஆயில் ஃபிலிம் கிழிஞ்சிடும்."

"தனியாத்தான் ஓட்டணுமா?"

"தனியாத்தான். நிறுத்தி நிறுத்தி ஓட்டக்கூடாது. நீளமா, அகலமா ஒரு ரோடு வேணும். அறுபதைத் தாண்டக்கூடாது."

"ஓட்டுறவங்க வெயிட்டு?"

"குறையக் குறைய நல்லது." கேள்வி கேட்கிறாளே, நம்பிவிட்டாள் என்ற பூரிப்பில் அள்ளி விட்டேன்.

"லக்கேஜ்?"

"கூடவே கூடாது."

"எப்ப ஓட்டணும்?"

"ஊத்தின மறுநாளே. தள்ளிப் போட்டா எஞ்சின் போச்சு."

"அப்ப நாளைக்கு சித்தப்பா வீடு?"

"நீ பஸ்ல போயிடும்மா. எனக்கும் வேதனையாத்தான் இருக்கு. ஆசை ஆசையா கட்டின வீடு." தொண்டையைக் கொஞ்சம் அடைக்க வைத்தேன். நன்றாகவே அடைத்தது.

தீபிகா உடனே ஃபோனை எடுத்து சித்தப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தை ஒப்பித்தாள்.

"டாங்கி எஞ்சினோடயே காலம் தள்ளினவன் நான். இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்லையே மாப்ள" என்றார் அவர்.

"இது புது டெக்னாலஜி மாமா."

"அப்ப சரி. சொன்னபடியே செய்யுங்க. வண்டி முக்கியம்."

பாவம், நல்ல மனிதர். எனக்கு ஒரு நிமிஷம் உறுத்தியது. ஏலகிரிக் காற்றை நினைத்ததும் சரியாகிவிட்டது.

ஞாயிறு காலை ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஆணியில் வண்டிச் சாவி இல்லை. சாவி தீபிகாவின் கையில் இருந்தது. அந்தக் கையில் என் கிளவுஸ் இருந்தது. தலையில் என் ஹெல்மெட் இருந்தது.

"எங்க கிளம்பிட்டே?"

"ஆயில் படிய வைக்க. பூந்தமல்லி தாண்டி அவுட்டர் ரிங் ரோடு ஏறினா நேரா நெமிலிச்சேரி. நீளமா, அகலமா, நீங்க கேட்ட மாதிரியே ரோடு."

"உனக்குத்தான் பைக் ஓட்டத் தெரியாதே?"

"ஆவடி குவார்ட்டர்ஸ் கிரவுண்டுல எங்கப்பா வண்டியில கத்துக்கிட்டேன். லைசென்ஸ்லயே கியர் வண்டின்னு இருக்கு. நீங்க கேட்டதே இல்லையே."

வாஸ்தவம்தான். பெண் பார்க்கப் போனபோது சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று எங்கம்மா கேட்டாள். என் வாழ்க்கைக்குத் தேவையான கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணு. நெமிலிச்சேரிக்கு நானே தனியா ஓட்டிட்டு வரேன். நீ பஸ்ல வா."

"வெயிட்டு குறையக் குறைய நல்லதுன்னீங்க. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு ஃபிலிம் தாங்குமா?"

சொன்னதெல்லாம் புளுகு என்று ஒப்புக்கொண்டால் ஏன் புளுகினேன் என்று கேட்பாள். ஏலகிரி வெளியே வரும். ஜாக்கெட்டைக் கழற்றினேன்.

"சரி, நான் வீட்லயே இருக்கேன். தலை வேற வலிக்குது."

"விளக்கை யாரு கொண்டு வர்றது? பால் காய்ச்சறதுக்கு முன்னாடி குத்துவிளக்கு ஏத்தணும், நாமதான் தரோம்னு சொல்லியிருக்கோம். ஒரு ஜோடி. வண்டியில லக்கேஜ் கூடவே கூடாதாமே."

கீழே பூபாலன் பையெல்லாம் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். இடுப்புக்கு ஒரு பித்தளை விளக்கு, தோளுக்கு ஒரு பித்தளை விளக்கு என்று நான் படியிறங்கியதைப் பார்த்தார்.

"இன்னா சார், வெளக்கு எட்த்துகினா ஏலகிரிக்கு வரே?" என்றார் தணிந்த குரலில்.

"நீங்க போங்க பூபாலன்."

தீபிகா சீட்டில் ஏறி உட்கார்ந்து, கிளட்சைப் பிடித்து, முதல் கியர் போட்டு, கேட்டைத் தாண்டினாள். எனக்கு என் வண்டி இவ்வளவு மிருதுவாக ஒரு நாளும் கியர் மாறியதில்லை.

நான் பூந்தமல்லியில் மெட்ரோ வேலைப் புழுதியைக் குடித்து, ஆவடி பஸ்ஸில் நின்றேன். கண்டக்டர் விளக்குக்கும் டிக்கெட் போட்டார். ஆவடியில் ரயிலைப் பிடித்து நெமிலிச்சேரி போய்ச் சேர்ந்தபோது, வாசலில் மொத்தச் சொந்தமும் நின்றுகொண்டிருந்தது. விளக்கு வராமல் பால் காய்ச்ச முடியாது, நல்ல நேரம் முடியப் போகிறது, மாப்பிள்ளைக்குப் பொறுப்பே இல்லை என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். என் பைக் நிழலில் ஒய்யாரமாக நின்றது. அதற்குப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

பால் பொங்கியது. சித்தப்பா என் கையைப் பிடித்தார். மெயின் போர்டு, இன்வெர்ட்டர் லைன், மாடிப்படிக்கு மேலும் கீழும் ஸ்விட்ச், எல்லாம் பார்த்தேன். போட்டுக் காட்டினார், அணைத்துக் காட்டினார். பிறகுதான் இலை போட்டார்கள்.

தீபிகாதான் பாயசம் பரிமாறினாள்.

"வண்டி எப்படிப் போச்சு?" என்றேன், ஒரு பேச்சுக்கு.

"சூப்பரா போகுதுங்க. பார்த்துப் பார்த்து நல்ல ஆயிலா வாங்கியிருக்கீங்க."

இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பஸ், புழுதி, விளக்கு எல்லாம் மறந்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

"ஆனா இருநூறு கிலோமீட்டர் ஆகணும்னீங்களே, பாதி கூட ஆகல. அதான் அடுத்த ஞாயிறு நானும் பூபாலன் வொய்ஃப் ஸ்வாதியும் ஏலகிரி போறோம்."

பாயசம் பாதியில் நின்றது. "ஏலகிரியா?"

"ஆமா. பூபாலன் ஒரு வாரமா வீட்டுல அதே பேச்சாம். உங்களோட போறேன்னு ஸ்வாதிகிட்ட சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். ரோடு நல்லா இருக்குமாமே? ஸ்வாதி அவங்க ஸ்கூட்டர்ல வர்றாங்க. பின்னாடி ஆள் ஏறக்கூடாதுல்ல."

இலையைப் பார்த்தபடி மெல்லக் கேட்டேன். "அப்ப நான்?"

"அன்னைக்குக் காலையில தண்ணி லாரி வருதுங்க. சம்ப் மூடியைத் திறந்துவிட வீட்டுல ஒரு ஆள் வேணும்."