மூடி போட்ட நீல டிரம்

ஏரியை ஏமாற்றுவது என்று மீன்காரர் முடிவெடுத்தார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கிருந்தோ வந்து ஏரியில் குடியேறிய முள்வால் மீன், அங்கிருந்த சொந்த மீனான கெண்டையைத் தின்று தீர்த்துவிட்டது. மீன்காரர் அந்த முள்வாலைப் பிடித்து விற்றுத்தான் பிழைத்தார். இப்போது பெரிய கடைகள், ஏரிக்குக் கெடுதல் இல்லாத மீன்பிடிப்பு என்று சான்றிதழ் இருந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டன. சான்றிதழ்க்காரர்களின் நிபந்தனையோ, ஒரே வருஷத்தில் முள்வால் குறைய வேண்டும், சொந்த மீன் பெருக வேண்டும்.

"முள்வால் தீந்து போச்சுன்னா நான் எதைப் பிடிக்கிறது? ஈயையா?"

"சொந்த மீன் வந்தா அதைப் பிடிங்க."

"அது எப்ப வந்து எப்ப வளர்றது! உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமா?

வெளியே சான்றிதழுக்குத் தலையாட்டிவிட்டு, முள்வால் தீர்ந்துபோகாமலிருக்க, வெள்ளிக்கிழமைதோறும் பிடித்ததில் சினை முள்வாலாகப் பொறுக்கி, மூடி போட்ட நீல டிரம்மில் கொல்லைப்புறத்தில் வைப்பார். குளித்துவிட்டு வந்து, ஊரே மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது சைக்கிளில் கொண்டுபோய் ஏரியில் கவிழ்ப்பார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண் முழுக்க ரோட்டில்தான் இருக்கும்.

"என்னங்க அது டிரம்ல?"

"அழுக்குத் தண்ணி."

"சரி, சிந்தாம கொண்டு போங்க."

என்ன மாயமோ, முள்வால் மாதாமாதம் குறைந்தது. பதறிப்போய் இரண்டு டிரம்மாக விட்டார். இன்னும் வேகமாகக் குறைந்தது. வீட்டுக் கோழிகள் மட்டும் நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்தன.

வருஷம் முடிந்தது. அதிகாரி வந்து வலை இறக்கச் சொன்னார். மீன்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தார். வலை நிறையக் கெண்டை!

"கெண்டை எப்படி வந்துச்சு? யார் விட்டது?" அதிகாரி துள்ளினார்.

"இவர்தான் சார்," என்றாள் மனைவி. "என் தம்பி மீன் பண்ணையிலேர்ந்து கெண்டைக் குஞ்சு கொடுத்தனுப்புவான். வெள்ளிக்கிழமை தவறாம இவர் தன் கையாலயே கொண்டுவந்து விடுவார்."

"அப்போ என் சினை மீன்?" என்றார் மீன்காரர், அவள் காதில்.

"நீங்க குளிக்கப் போனதும் டிரம்ல இருந்ததை மாத்திடுவேன். உங்க மீனைக் கோழி தின்னுடுச்சு."

அதிகாரி சான்றிதழை நீட்டினார். இனி கெண்டையையும் அளவாகப் பிடித்து விற்கலாமாம். கரையில் நின்றவர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். மீன்காரருக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

"பிரமாதம்! இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

மீன்காரர் வாயைத் திறந்தார்.

"அவரைக் கேக்காதீங்க சார்," என்றாள் மனைவி. "தான் என்ன செய்யறோம்னே தெரியாம நல்லது செய்யறவர் அவர்."