பிலோமினா போட்ட எட்டு

ஒரு காட்டில் பிலோமினா என்று ஒரு தாய்க்கரடி இருந்தாள். அந்தக் காட்டுக் கரடிகள் குட்டிகளை முதுகில் ஏற்றிச் சுமந்துதான் வளர்க்கும். மற்றவர் வீட்டுக் குட்டிகள் இறங்கி நடந்த வயதிலும் அவளுடைய இரண்டும் இறங்கவில்லை. மேலே உட்கார்ந்தபடியே பசிக்கிறது என்றன, இடப்பக்கம் திரும்பு என்றன, ஏன் இப்படிக் குலுக்குகிறாய் என்றன. இரவில் அவை மூச்சு விடுகின்றனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுடைய பாதித் தூக்கம் போயிற்று.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை. ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். எந்த ஊருக்கும் போவதற்கல்ல. முதுகில் காற்றைத் தவிர எதுவும் இல்லாமல் ஒரு சுற்று போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குகை போனபின், மூட்டுவலித் தைலம் கமகமக்க, லைசென்ஸ் அலுவலக வரிசையில் போய் நின்றாள். முதலில் எல்.எல்.ஆர். கொடுத்தார்கள். வண்டியில் சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டாள். எல் ஒட்டிய வண்டியில் பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்பது காட்டுச் சட்டம்.

அந்த 'எல்'லை எடுக்க வேண்டுமானால் எட்டு போட வேண்டும். மைதானத்தில் வரைந்திருக்கும் எட்டின் மேல், கால் ஊன்றாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இன்ஸ்பெக்டர் ஓர் ஆமை. வாழ்நாளில் கால் ஊன்றாமல் எங்கும் போனதில்லை. ஆனால் அடுத்தவர் ஊன்றினால் அவருக்குப் பிடிக்காது.

பிலோமினா புதரில் விழுந்தாள், புற்றில் மோதினாள், ஒரு காட்டுப்பன்றியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் எட்டு வந்துவிட்டது.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்போதுதான் பாசத்தோடு வந்தார்கள். மகன் ரெஜிஸ், குழந்தைகளின் பள்ளிக்கூடம் மேட்டுமேல் இருப்பதை நினைவூட்டினான்.

"காலையில நீ சும்மாதானேம்மா இருக்கே," என்றான்.

மகள் ஜெசிந்தாவுக்கு மாமியாரை வாராவாரம் வைத்தியரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது. "அத்தை பின்சீட்டுக்கு மெத்தையே தைச்சாச்சும்மா. நீ பாஸ் பண்ணினா போதும்."

பிலோமினா வண்டியில் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்'லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

தேர்வு நாளன்று முதல் வளைவைப் பிசிறில்லாமல் சுற்றினாள். இரண்டாவதையும் சுற்றினாள். ஆமை பேனாவைத் திறந்துவிட்டார். முடிவுக்கோடு வந்துவிட்டது. கோட்டுக்கு அப்பால் வேலியோரமாகப் பேரக்குழந்தைகள் புத்தகப் பையோடு நின்றன. பக்கத்தில் சம்பந்தியம்மாள், மெத்தையோடு.

பிலோமினா கால் ஊன்றினாள். வழுக்கவில்லை, தடுமாறவில்லை. மிதியடியில் வைப்பதுபோல் பதமாக வைத்தாள்.

"நல்லாத்தானேம்மா வந்துச்சு. என்ன ஆச்சு?" என்றார் ஆமை.

"பயந்துட்டேன் சார்," என்றாள். அது பொய்யுமில்லை.

வயசாச்சு, விட்டுவிடு என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். மாட்டேன், பாஸ் பண்ணும்வரை தினமும் பழகுவேன் என்றாள் பிலோமினா. எப்பேர்ப்பட்ட மன உறுதி என்று காடே மெச்சியது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் பழகக் கிளம்பிவிடுவாள். ஓடையைத் தாண்டி, மூங்கில் காட்டைச் சுற்றி, அடிவாரத்துக் கடையில் சூடாக இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு இருட்டுமுன் திரும்புவாள். தேர்வு வரும்போதெல்லாம் தவறாமல் போவாள், தவறாமல் கால் ஊன்றுவாள்.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. இப்போதெல்லாம் எட்டு போடும் நாளில் மைதானம் கொள்ளாமல் அம்மாக்கள். மான், காட்டெருமை, முள்ளம்பன்றி என்று எல்லாரும் அழகாகச் சுற்றிவந்து கோட்டுக்கு முன்னால் கால் ஊன்றுகிறார்கள். மைதானம் அந்த இடத்தில் சரிவாக இருக்கிறது, மண் கொட்டிச் சமன்செய்ய வேண்டும் என்று ஆமை மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

நீதி: வயதான காலத்தில் கனவைத் துரத்துவது உடம்புக்கு நல்லது. பிடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவும். பிடித்துவிட்டால் அது வீட்டுக்கு உபயோகமாகிவிடும்.