தூக்கிவிடும் நல்லவர்

மூன்று படிகளை இடித்துச் சரிவாக்குவது சுலபமா, வளர்ந்த ஒரு பெண்ணைக் காலமெல்லாம் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி இறங்குவது சுலபமா? கொத்தனாரைக் கேட்டால் சரிவு ஒரு நாள் வேலை என்பார். மரக்காணம் ஏசுராஜைக் கேட்டால் தூக்குவதுதான் சுலபம் என்பார். அவருடைய பொதுவாழ்க்கையே இந்தக் கேள்விக்கு அவர் சொல்லிவரும் நீண்ட பதில்.

இந்த இனத்துக்குத் தூக்கிவிடும் நல்லவர் என்று பெயர் வைக்கலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இனம். வங்கி, தாலுகா ஆபீஸ், கல்யாண மண்டபம் என்று எங்கெல்லாம் படி உண்டோ அங்கெல்லாம் இவர் உண்டு. ஒரு சக்கர நாற்காலி தூரத்தில் தெரிந்ததுமே சட்டைக் கையை மடிப்பார். "ஏம்பா, நாலு பேரு வாங்க" என்று குரல் கொடுப்பார். தூக்கலாமா என்று நாற்காலியில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்பார். தூக்கி வைத்தபின் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, யாராவது போட்டோ எடுத்தார்களா என்று பார்க்காததுபோல் பார்ப்பார். எடுத்திருப்பார்கள்.

ஏசுராஜ் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருடமாக. சொல் விஷயத்தில் அவர் படு கறார். யாராவது பழைய பழக்கத்தில் 'ஊனமுற்றோர்' என்று வாய் தவறினால் கூட்டத்தையே நிறுத்தி, "மாற்றுத்திறனாளின்னு சொல்லுங்க" என்று திருத்துவார். சொல்லைத் திருத்தியாயிற்று. படியை? "படி பாட்டுக்கு படி இருக்குது. நமக்கு மனசு இருக்குது இல்ல?"

சங்கக் கட்டடத்தின் முன்வாசலில்தான் அந்த மூன்று படி. பின்பக்கம், குடோனுக்கு நல்ல சிமெண்டுச் சரிவு ஒன்று உண்டு. உப்பு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி சிரமமில்லாமல் ஏறுவதற்காகப் போட்டது. மூட்டையைத் தூக்கினால் புண்ணியம் கிடையாது பாருங்கள். அந்த வழியாக உள்ளே வந்துவிடலாமே என்பீர்கள். குடோனுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவை அடைத்துக்கொண்டு மூன்று சக்கர வண்டிகள் எட்டு, பாலித்தீன் பிரிக்காமல் நிற்கின்றன. மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று வழங்குவதற்காக வந்தவை. போன வருடத் தினத்துக்கு. சிறப்பு விருந்தினருக்கு இன்னும் தேதி ஒழியவில்லை.

ஜெனிதா அந்தச் சங்கத்தின் உறுப்பினர். ஆறு வருடத்துக்கு முன் உப்பள வரப்பில் டிராக்டர் கவிழ்ந்ததில் இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. இப்போது உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் கொட்டகையில் வேலை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் அனுமந்தையிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வருவார். போன மாதம் வரை ஏசுராஜ் கணக்கில் அவர் தங்கமான பெண். போன மாதம் ஜெனிதா இரண்டு காரியம் செய்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தார். பிறகு, செயலாளர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொன்னார்.

ஏசுராஜுக்கு இரண்டாவதைவிட முதலாவதுதான் அதிகம் வலித்தது. "சட்டம் கிட்டம்னு பேசுனா மனசு விட்டுப் போயிடும்மா" என்றார். யோசித்தால் அந்த வலியும் நியாயமானதுதான். உதவி வாங்கியவர் நன்றி சொல்லியாக வேண்டும். உரிமையை எடுத்துக்கொண்டவருக்கு அந்தக் கடன் கிடையாது. நன்றி வராத ஊரில் நல்லவர் எதைத் தின்று உயிர் வாழ்வார்?

சங்கத்தின் விதி இது: தேர்தலில் நிற்பவர், கூடத்திலுள்ள பதிவேட்டில் குறித்த நாளன்று பகல் பன்னிரண்டுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஜெனிதாவின் ஸ்கூட்டர் படிக்கு முன்னால் வந்து நின்றது. கூடவே அவரோடு வேலை செய்யும் மேரிசெல்வியும் வந்தார்.

"வாம்மா ஜெனிதா! ஏம்பா, நாலு பேரு வாங்க!"

"வேணாண்ணா. தூக்காதீங்க."

"என்னம்மா வீம்பு? மூணே படி. பூ மாதிரி தூக்கிட்டுப் போயிடுவோம்."

"நான் பூ இல்லண்ணா, அறுபத்தெட்டு கிலோ. போன தடவ தூக்குன போட்டோவ பேனர் போட்டு பஸ் ஸ்டாண்டுல கட்டிட்டீங்க. புடவை முட்டிக்கு மேல ஏறிக் கெடக்குது. ஊரே பாக்குது."

"அதுல நானுந்தாம்மா கண்ண மூடிக்கினு இருக்கேன். நான் எதாவது சொன்னனா?"

மேரிசெல்விக்குச் சிரிப்பு பீறிட்டது. ஜெனிதா சிரிக்கவில்லை. "பதிவேட்ட கீழ எடுத்துட்டு வாங்கண்ணா. இங்கயே போட்டுடறேன்."

"அது கூடத்துலதாம்மா இருக்கணும். விதி."

"அறுபத்தெட்டு கிலோவ மேல தூக்க நாலு பேரு வர்றீங்க," என்றார் மேரிசெல்வி. "அரைக் கிலோ நோட்ட கீழ தூக்க ஒருத்தர் இல்லியா?"

"செஞ்சு தரக்கூடிய வசதிய செஞ்சு தரலன்னா அதுவும் பாகுபாடுதான்னு சட்டத்துல இருக்குதுண்ணா" என்றார் ஜெனிதா.

"பாகுபாடா? நானா? உன்ன எத்தினி தடவ தூக்கியிருக்கேன்!"

ஏசுராஜின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. இந்த இனம் நடிப்பதில்லை. அதுதான் இதிலுள்ள சிக்கல். மணி பதினொன்றே முக்கால். பதிவேட்டில் ஒரு பெயரும் இல்லை. ஏசுராஜின் பெயர்கூட இல்லை. ஊரார் கெஞ்சிக் கேட்டதால் சம்மதிப்பவர்போல் கடைசி நிமிடத்தில் எழுதுவதுதான் அவர் வழக்கம். இன்னும் பத்து நிமிடம் படியிலேயே நின்று அன்பாகப் பேசிவிட்டு, உள்ளே போய்த் தன் பெயரை எழுதினால் போதும், போட்டியே கிடையாது. யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. தூக்கிவிட வந்தாரே, அந்தப் பெண்தானே மாட்டேன் என்றது!

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ வாசலில் எத்தனை படி என்று சொல்லுங்கள் பார்ப்போம். எண்ணியதில்லை; எண்ண வேண்டிய அவசியம் உங்கள் கால்களுக்கு வந்ததில்லை. ஏற முடியாத ஒருவர் நாளை வந்து நின்றால்? 'அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்' என்று பதில் அதற்குள் நாக்குக்கு வந்துவிட்டதா? சட்டைக் கையை ஒருமுறை குனிந்து பாருங்கள். மடிந்திருக்கும்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ஏசுராஜ் உள்ளே போனார். பதிவேட்டோடு வெளியே வந்தார். மூன்று படியும் இறங்கி, ஸ்கூட்டரின் முன்பக்கம் அதை விரித்து, கடல்காற்றில் தாள் புரளாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜெனிதா கையெழுத்துப் போட்டார்.

"நீங்களும் எழுதுங்கண்ணா. நேரமாவுது."

ஏசுராஜ் பேனாவை வாங்கினார். ஜெனிதாவின் பெயருக்குக் கீழே இருந்த காலி வரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. பேனாவை மூடி ஜெனிதாவிடமே கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து போனார்.

மனம் திருந்திவிட்டார் என்று பாராட்டக் கிளம்ப வேண்டாம். தோற்றுவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம், வெறும் கோபமாகவும் இருக்கலாம். தான் செய்த ஒவ்வொரு நல்லதையும் டீக்கடையில் ஏழு தடவை சொல்லும் மனிதர், அன்று ஏன் தன் பெயரை எழுதவில்லை என்று இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.