எந்த எண்ணெய்?

எனக்கு ஒரு வியாதி உண்டு. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்க வேண்டும். பாதி அழிந்த பலகையைக் கண்டால் மீதியைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. அடுத்த மேசையில் யாராவது கிசுகிசுத்தால் என் தட்டில் சாப்பாடு ஆறிப்போகும். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் எனக்கு வேலை. வருகிறவர்களிடம் "பல்லு எப்படி உடைஞ்சுச்சு?" என்று துருவித் துருவிக் கேட்டு, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பாதிப் பேரை அழ வைத்திருக்கிறேன். அந்த வியாதி ஒரு மனிதரின் பிழைப்பைக் கவிழ்க்கப் பார்த்த கதை இது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. புத்தி அதில் பாதி.

அந்த மனிதர் என் தோழி யோகேஸின் அண்ணன் சிவம். பல வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால், புந்தோங்கில் வீட்டுக்குப் பின்னால் அடுப்பு போட்டு முறுக்கு பிழிய ஆரம்பித்திருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் அவருக்கு முதல் பெரிய ஆர்டர். பீடோரில் ஒரு கல்யாண வீட்டுக்கு மாலை ஆறு மணிக்குள் நாற்பது டின் முறுக்கு போய்ச் சேர வேண்டும். அன்று காலையில்தான் நாங்கள் போய் அவருடைய வேனை இரவல் கேட்டோம். எங்களில் மூன்றாமவள் ரீத்தா புது வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். அவளுடைய அலமாரி எந்தக் காடியிலும் (கார்தான்) ஏறவில்லை.

"மூணு மணிக்கு வேன் என் வாசல்ல நிக்கணும். நாலு மணிக்கு நான் பீடோருக்குக் கெளம்பணும்," என்று சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே மூன்று முறை சொன்னார் சிவம்.

"ரெண்டு மணிக்கே வந்துருவோம்ணே," என்றேன் நான். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

ஒன்பது மணிக்கெல்லாம் அலமாரி இறங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே ரீத்தா சொன்னாள்: "இன்னும் ஆறு மணி நேரம் இருக்குலா. லூமுட் போலாமா? கடல பாத்துட்டு, மீ கோரெங் சாப்பிட்டுட்டு ஒரே ஓட்டமா வந்துரலாம்."

"எண்ணெய் இருக்காடி?" என்று யோகேஸைக் கேட்டேன்.

"முள்ளு பாதியில நிக்கிது. போதும்."

கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் ரீத்தா பாடினாள், யோகேஸ் ஓட்டினாள், நான் வெளியே வேடிக்கை பார்த்தேன். அதுதான் தப்பு. லூமுட் சாலையில் ஒரு சந்தியில் சாய்ந்து கிடந்த தமிழ்ப் பலகை என் கண்ணில் பட்டது. 'முத்து மா' வரை எழுத்து இருந்தது, அதற்கப்புறம் துரு. கீழே '3 கட்டை' என்று ஓர் அம்புக்குறி. (கட்டை என்றால் எங்கள் ஊரில் மைல்.)

"முத்து மாடனா, முத்து மாணிக்கமா?" என்றேன்.

"யாரா இருந்தா ஒனக்கென்னடி?" என்றாள் யோகேஸ்.

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது. அஞ்சே நிமிசம். பாத்துட்டு வந்துரலாம்."

வேனைத் திருப்ப வைத்தேன். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம் நின்ற தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே செம்மண் பாதை. மூன்றாவது பிரிவில் வேன் இருமத் தொடங்கியது. சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் வேன் கிளம்பவே கிளம்பாது என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, யோகேஸ் பயந்துபோய் நிறுத்திவிட்டாள். ஒரு கோடு மட்டும் லைன் இருந்த என் போனில் சிவத்தைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை.

"அந்த முள்ள நம்பாதம்மா, அது செத்து ரெண்டு வருசமாச்சு," என்றார். "பின் சீட்டுக்குப் பக்கத்துல நீலத் தொங் இருக்கு. அதுல எண்ணெய் வச்சிருக்கேன், ஊத்து. ஆனா பாத்து ஊத்தும்மா, செவப்புத் துணி..." அத்தோடு லைன் போய்விட்டது.

இந்த இடத்தில் எங்கள் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் எங்களுக்கு எல்லாமே எண்ணெய்தான். பெட்ரோலும் எண்ணெய், டீசலும் எண்ணெய், தலையில் தேய்ப்பதும் எண்ணெய், வடை சுடுவதும் எண்ணெய். எதைச் சொல்கிறோம் என்பது இடத்தைப் பார்த்தால் தானாகப் புரிந்துவிடும். எனக்குப் புரியவில்லை.

பின்னால் இரண்டு நீலத் தொங்குகள் (பிளாஸ்டிக் கேன்கள்தான்) இருந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஊற்றிய பிறகு கை துடைக்கத் துணிகூட வைத்திருக்கிறாரே, எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று வியந்தேன். துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கைக்கு வாகாக இருந்த மற்றத் தொங்கைத் திறந்தேன். கமகமவென்று முறுக்கு வாசனை அடித்தது. முறுக்கு ஏற்றுகிற வேனில் டீசலும் அப்படித்தான் மணக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினேன். (அந்த வீட்டிலேயே இருக்கிற யோகேஸுக்கு ஏன் தெரியவில்லை என்று பிறகு கேட்டோம். "அந்த வாசனையில எனக்கு மூக்கே செத்துப்போச்சுடி," என்றாள்.)

வேன் கிளம்பியது. அதுதான் ஆச்சரியம். வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு, தீபாவளிக்கு முதல் நாள் அடுக்களை போல மணத்துக்கொண்டு ஓடியது. முதலில் ஒரு நாய் பின்னால் வந்தது. பிறகு மூன்று. தோட்டத்து வீடுகளுக்குப் பக்கத்தில் வந்தபோது ஏழு. வேன் கடைசியாக ஒரு தும்மல் தும்மிவிட்டு ஒரு கோயில் வாசலில் நின்றது. வாசலில் பளிச்சென்று எழுதியிருந்தது, முத்து மாரியம்மன் ஆலயம் என்று. வேறு யாராக இருக்க முடியும்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தப் பலகைக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

ஓர் அம்மா கையில் தட்டோடு வந்தார். "சுடச் சுட இருக்கா, தங்கச்சி? ஒரு தட்டு போடு."

தோட்டத்து லாரிகளைப் பார்க்கும் போமன் (மெக்கானிக்குதான்) ஆறுமுகம் அண்ணனை யாரோ கூட்டி வந்தார்கள். அவர் டாங்கிக் குழாயைக் கழற்றி, விரலில் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஓமம் போட்டிருக்காங்க," என்றார்.

"அது எண்ணெய் இல்லயாண்ணே?"

"எண்ணெய்தாம்மா. ஆனா இது சட்டி எண்ணெய்." உள்ளே எட்டிப் பார்த்து மற்றத் தொங்கை இழுத்து மோந்தார். "வேன் எண்ணெய் இந்தா இருக்கே. இதுல அடையாளம் ஏதும் கட்டலயா?"

சிவப்புத் துணி என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. யோகேஸும் ரீத்தாவும் அதையே பார்த்தார்கள்.

டாங்கியைக் கழுவி, டவுனிலிருந்து புது பில்டர் வாங்கி வந்து போட நாலு மணி நேரம் ஆகும் என்றார் போமன். அப்போதே மணி பன்னிரண்டரை. கோயில் கிணற்றுப் பக்கம் லைன் கிடைத்தது. நான்தான் பேச வேண்டும் என்று இருவரும் போனை என் கையில் திணித்தார்கள். லூமுட், பலகை, தோட்டம் என்று எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் எண்ணெய் ஊற்றியதையும் சொன்னேன்.

"எந்த எண்ணெய்?" என்றார் சிவம்.

சொன்னேன். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சரி. நான் வேற வழி பாக்குறேன். நீங்க மூணு பேரும் பசியாறிட்டீங்களா?" என்றார். அதைக் கேட்டதும் கிணற்றடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

வேற வழி என்பது ஒன்பது மோட்டார் சைக்கிள். அக்கம்பக்கத்து ஆண்கள் முன்னாலும் பின்னாலும் டின்னைக் கட்டிக்கொண்டு, மழையில், குழி விழுந்த பழைய சாலையில் பீடோர் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நாற்பது டின்னும் வந்திருந்தன. முழு முறுக்கு ஒன்றுகூட வரவில்லை. பெண்ணின் அம்மா டின்னைத் திறந்து பார்த்தாராம். நனைந்து நின்ற ஒன்பது பேரையும் பார்த்தாராம். "நல்லதாப் போச்சு. எங்க குடும்பத்துல பாதிப் பேருக்குப் பல்லு இல்ல," என்றாராம். அடுத்து வந்த வளைகாப்புக்கும் சிவத்திடமே சொன்னார்கள், உடைக்காமல் கொண்டுவரச் சொல்லி.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் சிவம் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ராத்திரி பூரா தூக்கமில்ல. ஒண்ணு கேக்கணும்," என்றார். "அந்த எண்ணெயில வேன் எத்தன கட்டை ஓடுச்சு?"

"ஒண்ணரை இருக்கும்ணே."

"பொகை என்ன நெறம்?"

"வெள்ள."

"நாய் எத்தன வந்துச்சு?"

"ஏழு."

"ஏழா?" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆனது. (அண்ணே என்று கூப்பிட்டவரையே கட்டிக்கொண்டேன் என்று யோகேஸ் இன்னும் விடுவதில்லை.) மணவறையில் ஐயர் பாத்திரத்தை என் கையில் கொடுத்து, "குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊத்தும்மா," என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ரீத்தாவின் குரல் கேட்டது. "எந்த எண்ணெய்னு கேட்டுட்டு ஊத்துடி."

மண்டபமே சிரித்தது. ஐயருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. பாத்திரத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, மோந்து பார்த்துவிட்டு, "ஊத்தலாம்," என்று திருப்பிக் கொடுத்தார்.