அவசரக்காரியின் சால்வை

உப்பங்கரை நாட்டில் அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டு, பெட்டி ஒன்றும் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை போட்டியாளர்கள் கடற்கரையில் வரிசையாக உட்காருவார்கள். மக்கள் தமக்குப் பிடித்தவருக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்துவார்கள். யாருடைய தலை முதலில் சால்வைக்குள் மறைகிறதோ, அவரே அரசர். முகம் தெரிந்த ஒருவரைத் தாங்களே முகம் தெரியாமல் ஆக்கினோம் என்பதில் மக்களுக்கு ஒரு நிறைவு இருந்தது.

சுடர்மார்பர் மூன்றாம் முறையாக அப்படி மறைந்திருந்தார்.

போர்த்துவது தேர்தலோடு நிற்கவில்லை. பாலம் திறந்தால் திறப்பவருக்குச் சால்வை. அது விழுந்தால் பார்வையிட வருபவருக்குச் சால்வை. மனு வாங்கும் அதிகாரிக்குச் சால்வை. அவர் விடுப்பில் இருந்தால் அவருடைய நாற்காலிக்கு. சித்திரை வெயிலில் கழுத்துவரை கம்பளியோடு வியர்த்து உட்கார்ந்திருக்கும் அமைச்சர்களைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். மக்களுக்கும் வந்தது. அந்த இரக்கத்தில் இன்னொன்று போர்த்திவிட்டு வருவார்கள். சட்டம் ஒன்றே ஒன்றில்தான் கறாராக இருந்தது: ஆள்பவர் தோளில் விழுந்தது எதுவானாலும் கருவூலத்துக்குச் சொந்தம்.

குளிருக்கும் அங்கே ஒழுங்கு உண்டு. மார்கழி பிறந்ததும் அரசர் மாடத்தில் நின்று ஒரு தும்மல் போடுவார், முரசு முழங்கும், அதன்பிறகுதான் குளிர் தொடங்கும். இந்த நடைமுறை தெரியாத குளிர் ஒன்று அந்த வருஷம் ஐப்பசியிலேயே கரையோரமாக வந்து இறங்கிவிட்டது. கரைக்கு வந்த அலைகள் திரும்பிப் போக மனமில்லாமல் மணலுக்குள் பதுங்கின. நண்டுகள் வளையைவிட்டு வந்து அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுத்தன. சட்டி காலியாக இருந்தும், கைக்கெட்டும் தூரத்தில் தூங்குகிற நண்டைப் பிடிக்க எவருக்கும் மனம் வரவில்லை.

அதே வாரம் மீனவர் குப்பத்தில் கஸ்தூரி என்பவளுக்கு மாதம் நிறையும் முன்பே ஒரு பெண் பிறந்தது. ஒரு கெளுத்தி மீன் அளவுதான் இருந்தது.

"பொழச்சுக்கும்" என்றாள் பிரசவம் பார்த்தவள். "ஆனா ஒடம்புச் சூடு எறங்கவே கூடாது. சுத்தின துணியப் பிரிச்சியோ, அவ்வளவுதான்."

கஸ்தூரியின் வீட்டில் ஒரே ஒரு கம்பளிச் சால்வை மிச்சம் இருந்தது. போன தேர்தலில் அதைப் போர்த்தப் போன அவள் கணவன் தேசப்பன், வரிசையிலேயே தூங்கிப்போய்ப் போர்த்தாமல் திரும்பியிருந்தான்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து நீ செஞ்ச ஒரே நல்ல காரியம் அன்னைக்குத் தூங்குனதுதான்" என்று சொல்லிக் கஸ்தூரி குழந்தையை அதில் சுற்றினாள்.

"வானத்துக்கும் அவசரம், இவளுக்கும் அவசரம்" என்றான் தேசப்பன். அதிலிருந்து குழந்தைக்கு அவசரக்காரி என்றே பெயராகிவிட்டது.

மக்கள் நடுங்குவது அரண்மனை மாடத்திலிருந்தே தெரிந்தது. பேரமைச்சர் நாவலங்காரர் முதல் அறிக்கையை வெளியிட்டார். "நடப்பது ஐப்பசித் திங்கள். ஐப்பசியில் குளிர் இல்லை. ஆகவே மக்கள் தற்போது உணர்வது, அரசர் முன்கூட்டியே வழங்கியுள்ள இதம்." இதம் தாங்காதவர்கள் உரிய சால்வையுடன் மனுக் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். பல வீடுகளின் கடைசிப் போர்வை அப்படித்தான் போனது.

மனுக்களை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவருக்குச் சால்வை, உறுப்பினர்களுக்குச் சால்வை. குழு ஆழ்ந்து ஆராய்ந்து, மக்கள் நடுங்கக் காரணம் அவர்களிடம் சால்வை இல்லாததே என்று கண்டுபிடித்தது. இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்த அரசருக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா? சால்வை இல்லாதவர்கள் படகின் பாய்த்துணியைப் போர்த்தி நன்றி தெரிவிக்கலாம் என்று சலுகை வழங்கப்பட்டது. சலுகை என்றதும் கூட்டம் அலைமோதியது. மறுநாள் படகுகள் வெறும் மரத்தோடு மணலில் நின்றன. கடலில் மீன் இருந்தது. அடுப்புகள்தாம் குளிர்ந்துவிட்டன, நண்டுகள்கூட எழுந்து போய்விட்டன.

குப்பத்தின் நிலையை நேரில் காண அரசர் புறப்பட்டார். நடக்க முடியாத அளவுக்குப் போர்த்தப்பட்டிருந்ததால் வண்டியில் வைத்துத் தள்ளிவந்தார்கள். மலைபோன்ற சால்வைக் குவியலின் உச்சியில் ஒரு மூக்கு தெரிந்தது. மக்கள் அந்த மூக்கைக் கும்பிட்டார்கள்.

நாவலங்காரர் கேட்டார்: "மன்னர் எழுந்தருளியிருக்கிறார். இக்குப்பத்தில் போர்த்த ஒரு சால்வைகூட இல்லையா?"

"தோளக் காணோமேங்கய்யா" என்றான் தேசப்பன். "எங்க போர்த்துறது?"

கூட்டத்தில் சிலருக்கு இருமல் வந்தது. அமைச்சருக்கு அது சிரிப்புப் போலவே கேட்டது. அதற்குள் கருவூலத் தலைவர் பொதியப்பரின் கண், கஸ்தூரியின் நெஞ்சோடு ஒட்டியிருந்த கம்பளி ஓரத்தில் விழுந்துவிட்டது.

"அதோ, ஒரு சால்வை."

"இதுக்குள்ள ஆள் இருக்குங்க" என்றாள் கஸ்தூரி.

"ஆளை அகற்றிவிட்டுச் சால்வையைச் சமர்ப்பிக்கவும்."

தேசப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்து நீட்டினான். "இத வாங்கிக்குங்க சாமி. அதப் பிரிச்சா புள்ள தாங்காது."

"துண்டு சால்வையாகாது. விதியில் இடமில்லை."

இரண்டு காவலர்கள் முன்னால் வந்தார்கள். கடலிலிருந்து வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கஸ்தூரி குழந்தையைப் பார்த்தாள், காவலர்களைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வண்டியில் ஏறிவிட்டாள்.

"போர்த்தணும், அவ்வளவுதான? போர்த்துறேன். பிரிச்சுத்தான் போர்த்தணும்னு சட்டத்துல இல்லையே."

சால்வைகளை ஒரு கையால் ஒதுக்கினாள். பல வருஷங்களாக யாரும் பார்க்காத ஒரு கழுத்து உள்ளே இருந்தது. மெலிந்த கழுத்து, புல்லரித்திருந்தது. அதனோடு சேர்த்துக் குழந்தையைக் கம்பளியோடு சாய்த்தாள்.

"தலையப் பிடிங்க. கழுத்து நிக்காது அதுக்கு. அந்தக் கை இல்ல, இந்தக் கை. ம், அப்படித்தான்."

அரசருக்கு அந்த நாட்டில் யாரும் ஆணையிட்டதில்லை. அவர் அவள் சொன்னபடி செய்தார். அவர் உடம்பை ஒட்டியிருந்தவை எல்லாம் சரிகைச் சால்வைகள். வெயிலில் கொதிக்கும், குளிரில் சில்லிடும். அத்தனைக்கும் அடியில் மனிதர் விறைத்துப்போய்த்தான் இருந்தார். பட்டம் சூட்டிய நாளிலிருந்து போர்த்தியவர்கள் உண்டே தவிர, தொட்டவர்கள் இல்லை. இப்போது ஒரு சின்ன மூச்சு அவர் தொண்டைக் குழியில் வந்து வந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் வெதுவெதுப்பாக ஏதோ பரவி வயிறுவரை இறங்கியது.

"மன்னா, என்ன நேர்ந்தது?" என்று பதறினார் நாவலங்காரர்.

"கத்தாதய்யா" என்றார் அரசர். "சூடா இருக்கு."

பொதியப்பர் கடமை தவறாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோளில் விழுந்தது கருவூலத்துக்குச் சொந்தம். சால்வையும் அதன் உள்ளடக்கமும் கிடங்கில் சேர்க்கப்படும்."

கஸ்தூரியின் கை குழந்தையை விடவில்லை. பதில் அவசரக்காரிதான் சொன்னாள். பசி வந்துவிட்டது, அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததோ, படகு மரங்களெல்லாம் அதிர்ந்தன. கருவூலத்தில் பொன் இருந்தது, முத்து இருந்தது, சால்வை மலை இருந்தது. தாய்ப்பால் மட்டும் கையிருப்பில் இல்லை.

"துணியோடயே எடுத்துக்கம்மா" என்றார் அரசர். அந்த நாட்டில் போர்த்தியது ஒன்று திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. வண்டி நகரும்போது குவியலுக்குள்ளிருந்து மறுபடியும் குரல் கேட்டது. "நாளைக்கும் கொண்டா."

அரசர் விரும்பியது எதுவானாலும் அன்று மாலைக்குள் சட்டமாகிவிடுவது அங்கே வழக்கம். நாவலங்காரர் அறிவித்தார்: "இனி எந்த மனுவுக்கும் சால்வைக்கு ஈடாகக் கைக்குழந்தையும் ஏற்கப்படும். பெறும் அதிகாரி அதை மார்போடு ஏந்த வேண்டும்."

பெண்கள் வரிசை கடற்கரையிலிருந்து அரண்மனைவரை நின்றது. குழந்தைகளைச் சுற்றத் துணியில்லாதவர்கள் அமைச்சர்களின் சால்வைக்குள்ளேயே சொருகிவிட்டு, வேலையைப் பார்க்கப் போனார்கள். சபை மண்டபத்தில் அமைச்சருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. முத்திரை குத்தக் கை இல்லை. அறிக்கை படிக்க வாய் திறந்தால் ஏதாவது ஒரு குழந்தை விழித்துக்கொள்கிறது. அந்தக் குளிர் முழுக்க ஓர் ஆணையும் வரவில்லை. நாடு தேற ஆரம்பித்தது.

தேசப்பன் பாய்த்துணி கேட்டுப் பொதியப்பரிடம் போனான். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் அவசரக்காரி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, மனு..."

"மெதுவாப் பேசுய்யா, இப்பத்தான் கண்ணசந்தா. சாவி என் இடுப்புல இருக்கு, நீயே அவுத்துக்க. ஆட்டாத."

"பாய மட்டும் எடுத்துக்கவா, சால்வையும் எடுத்துக்கவா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. கதவச் சாத்தும்போது சத்தம் வராமச் சாத்து."

மறுநாள் படகுகள் கடலுக்குப் போயின. மார்கழி பிறந்தபோது அரசர் மாடத்தில் தும்ம மறந்துவிட்டார். குப்பத்தில் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கியதால் முரசு முழங்காததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அதெல்லாம் ஆயிற்று. அந்தக் குழந்தைகள் இப்போது நடக்கத் தொடங்கி, இடுப்பில் நிற்பதில்லை. ஆள்பவர்களின் கைகள் ஒழிந்துவிட்டன. அடுத்த தேர்தலுக்குக் கடற்கரையில் பந்தல் போடுகிறார்கள். போன வாரம் புதிதாக ஓர் ஆணைகூட வந்திருக்கிறதாம்.

கஸ்தூரி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று குப்பத்தில் பேச்சு. தேசப்பனைக் கேட்டால், எல்லாம் நாட்டுக்காகத்தான் என்கிறான்.